உரிமை மீறப்பட்டால் முதல் ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் ஓர் அநியாயம் நடந்தால் முதலில் விதானையாரிடம் (கிராம சேவையாளரிடம்) போவோம், அப்புறம் பிரதேச செயலகம், கடைசியில் யாராவது எம்.பி. அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அடிப்படை உரிமை மீறல் மனுவுடன் உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசமே ஒரு மாதம்தான்.

முதலில், செய்தது அரச தரப்பா என்று பாருங்கள். பொலிஸ், பிரதேச சபை, திணைக்களம் என்றால் மனு செல்லும். கடை முதலாளி சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும்.

அடுத்து, அன்றிரவே எழுதிவையுங்கள். நிலாவெளியில் கரைவலைத் தொழிலாளி ஒருவரைப் பொலிஸார் பிடித்து அடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சித்திரவதை செய்தார்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "3ஆம் திகதி காலை பத்து மணியளவில் மீன் வாடிக்கு முன்னால் சீருடையில் இருவர் பிடித்தனர். காரணம் சொல்லவில்லை. இடது காதில் அறைந்தனர். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி பார்த்துக்கொண்டு நின்றார்." இதில் காரணம் சொல்லாத கைது 13ஆம் உறுப்புரைக்குள் வரும், அடி, சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரைக்குள். ஆஸ்பத்திரியில் பயந்து "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும், கவனம்.

பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுங்கள். மாதத்துக்குள் கொடுத்தால், விசாரணை நடக்கும் நாட்கள் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்; விசாரணை உண்மையில் நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. சட்டத்தரணியையும் கையோடு பாருங்கள். காசில்லையா, சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆள் இன்னும் சட்டவிரோதத் தடுப்பில் இருந்தால் அவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம். அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

மனுவை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு. வருடக்கணக்கில் இழுபடுவது நடைமுறை.

ஜெனீவா கடைசிப் படி. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையோடு சேர்ந்த, 1997இல் இலங்கை ஏற்ற விருப்புரிமை நெறிமுறையின்படி, உள்நாட்டு வழிகள் முடிந்தபின் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்கு எழுதலாம். ஆனால் அந்த ஏற்பே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குழு சொல்வதை இங்குள்ள நீதிமன்றம் நிறைவேற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. அரசுமீது அழுத்தம் கொடுக்க உதவும், அவ்வளவுதான். ஆள் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் இந்த வரிசை வேண்டாம், ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழுவுக்கு உள்நாட்டு வழக்கு முடியும்வரை காத்திராமல் குடும்பத்தாரே நேராக எழுதலாம்.