மின்வாகனம் சார்ஜ் ஏறவில்லையா? ஆரஞ்சு கேபிளைத் தொடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜ் ஏறவில்லை என்று வண்டி வந்ததும் பானெட்டைத் திறந்து நேராக ஆரஞ்சு கேபிளுக்கு, அதாவது உயர் மின்னழுத்தக் கம்பிக்கு, போவதுதான் பெரிய தவறு. உயர் மின்னழுத்தப் பக்கம் கடைசியில் வரவேண்டியது. 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தால் கான்டாக்டர், அதாவது பெரிய பேட்டரி பேக்கை இணைக்கும் சுவிட்ச், இழுக்காது. பேக் நல்ல நிலையில் இருந்தும் சார்ஜ் தொடங்காது. முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்கேனரை மாட்டியதும் வண்டி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளை (கோடு) அழித்துவிடாதீர்கள். கோடு விழுந்த கணத்தின் மின்னழுத்தம், வெப்பநிலை எல்லாம் அதோடு போய்விடும். ஈரம் பட்டால் மட்டும் வரும் இன்சுலேஷன் (மின்காப்பு) கோளாறு அப்புறம் எளிதில் சிக்காது. அடுத்து ஏசி, டிசி இரண்டிலும் சார்ஜ் போட்டுப் பாருங்கள். டிசியில் ஏறி ஏசியில் ஏறாவிட்டால், சந்தேகம் ஏசியை டிசியாக மாற்றும், வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் பக்கம் திரும்பும். டிசி மின்சாரம் அதன் வழியாகப் போவதில்லை.

சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளும் கன்ட்ரோல் பைலட் சிக்னலைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்து ஏமாறுவோர் நிறைய. வண்டி இணையாதபோது அது நிலையான 12 வோல்ட். இணைந்ததும் 9, சார்ஜ் ஏறும்போது 6 என்பவை அலையின் மேல் உச்சம். கீழ்ப்பக்கம் மைனஸ் 12 வரை இறங்கும் 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அது. மீட்டரோ சராசரியைத்தான் காட்டும். 32 ஆம்பியர் சார்ஜரில் சார்ஜ் சரியாக ஏறும்போதும் மைனஸ் 2.4 வோல்ட் அளவில் காட்டும். அதைப் பார்த்து நல்ல சார்ஜரைக் கழற்றிவிடுவார்கள். அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்போ சார்ஜர் டெஸ்டரோ வேண்டும். துடிப்பு இருந்தும் உச்சம் 9-இலேயே நின்றுவிட்டால், வண்டிதான் சம்மதிக்கவில்லை என்று பொருள்.

கேபிளையும் விடாதீர்கள். இரு முனையையும் கழற்றிவிட்டு, டைப் 2 பிளக்கில், கேபிளின் ஆம்பியர் திறனைச் சொல்லும் பிராக்சிமிட்டி பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 32 ஆம்பியர் கேபிளுக்கு 220 ஓம், 20 ஆம்பியருக்கு 680 ஓம் வரவேண்டும். பின்னில் துரு ஏறினால் ஓம் கூடும். வண்டி கரண்டைக் குறைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாண்டி உள்ளே இறங்க வேண்டி வந்தால், பயிற்சி பெற்றவர் மட்டுமே இறங்கவேண்டும். சார்ஜிங் கேபிளை எடுத்துவிட்டு, சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, 12 வோல்ட் நெகட்டிவையும், பேக்கின் மின்சுற்றைப் பிரிக்கும் சர்வீஸ் பிளக்கையும் அந்த வண்டியின் கையேடு சொல்லும் வரிசையில் கழற்றவேண்டும். பிளக்கை மேசையில் விடாமல் பூட்டி வையுங்கள். கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிவதற்குக் கையேட்டில் உள்ள நேரம் முழுதும் காத்திருக்கவேண்டும். பிளக் எடுத்தாலும் பேக்கின் உள்ளே மின்சாரம் இருக்கும்.

மின்சாரம் இல்லை என்பதைக் காட்டுவது மீட்டர்தான். ஆனால் மீட்டரே செத்திருந்தால்? அதனால் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் ஒருமுறை, பிறகு சோதிக்கும் இடத்தில், மறுபடி அந்தத் தெரிந்த இடத்தில் அளக்கவேண்டும். பிளஸ்–மைனஸ், பிளஸ்–பாடி, மைனஸ்–பாடி மூன்றையும் பாருங்கள். கேட் 3 (CAT III) பாதுகாப்புத் தரமுள்ள 1000 வோல்ட் மீட்டரும் கிளாஸ் 0 தர மின்காப்பு ரப்பர் கையுறையும் அதன்மேல் தோல் உறையும் கட்டாயம். கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றடைத்துப் பாருங்கள்; ஊசித்துளை கண்ணுக்குத் தெரியாது.

இன்சுலேஷன் கசிவை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடுவது வீண். அது சில வோல்ட்டில்தான் சோதிக்கும். கசிவு வெளிப்படுவதோ உயர் மின்னழுத்தத்தில். இன்சுலேஷன் டெஸ்டர் தேவை. எந்த முனையில், எத்தனை வோல்ட்டில் வைப்பது என்பதைக் கையேட்டில் பார்க்காமல் அழுத்தினால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். பேக்கை இணைத்தபடி ஒருபோதும் வேண்டாம். டிசி பக்க இன்சுலேஷனுக்கு வோல்ட்டுக்கு 100 ஓம் என்ற குறைந்தபட்சத்தின்படி 400 வோல்ட்டுக்கு 40 கிலோ ஓம். அது கடைசி எல்லைதான், நல்ல வண்டியில் மெகா ஓம்களில் வரும். ஹீட்டர், ஆன்போர்டு சார்ஜர், குளிர்சாதன (ஏசி) கம்ப்ரஸர் என ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தால் கசியும் பாகம் சிக்கிவிடும். கம்ப்ரஸர் என்றால், அண்மையில் யாராவது கேஸ் நிரப்பினார்களா என்றும் கேளுங்கள். மின்கம்ப்ரஸரில் தவறான எண்ணெய் கலந்தாலே இன்சுலேஷன் விழுந்துவிடும்.