கடையில் இனித்த வீணை வீட்டில் ஏன் கசக்கிறது?

மதுரையிலோ திருச்சியிலோ கடையில் ஸ்பீக்கரில் கேட்டபோது வீணை எதிரே உட்கார்ந்து வாசித்தது. அதே ஸ்பீக்கரைக் காரைக்குடி வீட்டுக்குக் கொண்டுவந்தால் தகர டப்பா மாதிரி கத்துகிறது. இந்தப் பக்கம் இந்தப் புலம்பல் சகஜம். ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். கடையின் கேட்கும் அறையில் பெரும்பாலும் தரைக்குக் கார்பெட், சுவருக்குத் துணியோ நுரையோ போட்டிருப்பார்கள். நம் வீட்டில் ஆத்தங்குடிக் கல், மழமழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், எட்டாத உயரத்தில் கூரை. ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டினாலே தெரிந்துவிடும். வீணையை ஒருமுறை மீட்டினால் அந்த நாதம் தேய்வதற்குள் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இரண்டு மூன்று வந்துபோகும். அறையின் முழக்கம் அதன் மேல் படிந்தால் எல்லாம் குழம்பும். வீணைக்குப் பேர்போன சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் ஊரில் இருந்துகொண்டு வீணையை இப்படிக் கேட்பது கொடுமைதான்.

ஆகவே கடைத் தீர்ப்பை நம்ப வேண்டாம். முடிந்தால் இரவல் வாங்கி வீட்டிலேயே கேளுங்கள். அப்போதும் ஒரு ஸ்பீக்கர் ஜோடியை வீட்டு முகப்பிலும் இன்னொன்றை நடுமுற்றமான வளவிலும் வைத்து ஒப்பிடாதீர்கள். வானம் பார்த்த வளவில் பாஸ், அதாவது அடித்தொனி, கரைந்து போகும். அறை மூலையில் வைத்தால் அதே பாஸ் வீங்கும். இடமும் நாற்காலியும் மாறவே கூடாது.

பலரும் ஏமாறுவது சத்த அளவில். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால்கூட காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். போனில் ஒலி அளக்கும் செயலி போட்டு, உட்காரும் இடத்தில் இரண்டையும் சமமாக்கிய பிறகே பாட்டைப் போடுங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிட அது போதும். வாட்ஸ் கணக்கும் இப்படித்தான்: 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். இரண்டு மடங்குச் சத்தம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

சோதிக்க சினிமாப் பாட்டு வேண்டாம். ஸ்டுடியோவில் கோர்த்த ஒலி, அதன் அசல் யாருக்குத் தெரியும்? கச்சேரியில் மைக் இல்லாமல் நேரில் கேட்ட மிருதங்கம் நல்ல அளவுகோல்: இடப்பக்கத் தொப்பியின் கும்காரமும் வலப்பக்க வலந்தலையின் நறுக்கும் தனித்தனியாக வர வேண்டும். பழைய பதிவின் இரைச்சலை மட்டும் ஸ்பீக்கர் தலையில் கட்டாதீர்கள். நாகஸ்வரம்? கல்யாண வீட்டுச் சத்தத்தை ஹாலில் எதிர்பார்த்தால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள்.

ஹோம் தியேட்டர் என்றால் இடம், வலம் என இரண்டு சானல் பதிவை ஸ்டீரியோவிலேயே கேளுங்கள். எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பினால் பாடகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. சவுண்ட்பாரில் இடமும் வலமும் ஒரே நீளப் பெட்டிக்குள் அடங்கிவிடும், தள்ளி உட்கார்ந்தால் மேடை அகலம் கிடைக்காது.

செலவில்லாத வைத்தியம்: கனத்த ஜமுக்காளம், திரைச்சீலை, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கிட்டே உட்காருவது. அப்புறம் பின்னால் சிவப்பு, கறுப்பு ஒயர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பாஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காது.