கொலைகாரனே கதை சொன்னால்: முதல் நாவல் எழுதுபவர்களுக்கு

கொலை செய்தவனே கதை சொல்லும் நாவலில், 'யார் செய்தது' என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பின் வாசகரை இழுத்துச் செல்வது, அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான். கத்தியைத் தேடும் முன் அதைத் தேடுங்கள்.

முதல் படி, அந்தச் சமாதானத்தை ஒரே வரியில் எழுதுவது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் ஒருவன் தன் கூட்டாளியைக் கொன்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். 'என்னை நம்பும்படி அவரிடம் சொன்னது யார்?' இதுதான் அவன் வரி. இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாவலுக்குள் எங்கும் எழுதாதீர்கள்.

இரண்டாவது, கண். 'நெஞ்சு படபடத்தது' என்று எழுதினால் காட்சி செத்துவிடும். காட்பாடியிலிருந்து வேலூர் வரும் பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. கீழே வறண்ட மணல். அவன் சொல்கிறான்:

"எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மணலில் இருந்த ஊற்றுக்குழிகளை எண்ணினேன். ஒன்பது. நேற்று எட்டுதான் இருந்தன."

பயம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் அவன் நேற்றும் எண்ணியிருக்கிறான் என்பதும், இன்று வேறு யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்பதும் வாசகருக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது, கொலை நடந்த இரவை விட்டுவிட்டு மறுநாளை எழுதுங்கள். அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் குழம்பு வைக்கிறாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

நான்காவது, சட்டம். கொலை 2024 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு நடந்தால் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில் பதிவாகும். பழக்கதோஷத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதிவிடாதீர்கள். போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. ஆனால் காவலில் இருக்கும்போது அவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே விசாரணையில் அவன் எதை வேண்டுமானாலும் பேசுவான், பொருளைப் புதைத்த அந்த மணல் குழியைத் தவிர. எனக்குத் தெரிந்து, கதைக்கு இவ்வளவு உதவுகிற சட்ட விதி வேறில்லை.

கடைசியாகத் திருத்தம். இதில் நான் பிடிவாதக்காரன்: கொல்லப்பட்டவர் வெறும் பிணமாக இருக்கக் கூடாது. அவர் டீ ஆற்றிக் குடித்த விதமாவது நாவலில் இருக்க வேண்டும். சொல்பவன் அவரை 'கூட்டாளி' என்றே குறிப்பிடட்டும். ஒரே ஓர் இடத்தில், வாய் தவறி, 'அண்ணன்' என்று வரட்டும். அது எந்தப் பக்கம் என்பதை முழுவதும் எழுதி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.