தளர்வதற்கு முன் இறுக்கத்தைப் பிடியுங்கள்

"கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க" என்று சொன்னதும் யாருக்கும் உடம்பு தளர்ந்துவிடாது. தோள் காதுவரை ஏறி நிற்பதே தெரியாதவர் அதை எப்படி இறக்குவார்? சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத்தளர்வுப் பயிற்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இறுக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரியட்டும், தளர்வு பிறகு.

பாய் விரித்து மல்லாந்து படுங்கள். தலைக்குச் சின்னத் தலையணை, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை. பெல்ட், கடிகாரம், மூக்குக்கண்ணாடி கழற்றிவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வேண்டாம். கைகள் உடம்பில் ஒட்டாமல், உள்ளங்கை தரையைப் பார்க்க இருக்கட்டும். மூன்று நிமிடம் சும்மா கிடங்கள்.

இப்போது முன்கையைத் தூக்காமல் வலது கையை மட்டும் மணிக்கட்டில் பின்பக்கமாக மடக்குங்கள். விரல்கள் மேலே எழும். இரண்டு உணர்வுகள் வரும். ஒன்று மணிக்கட்டிலும் முன்கையின் அடிப்பக்கத்திலும் பளிச்சென்று தெரியும். அது மூட்டு அழுந்துவதும் சதை இழுபடுவதும். அதை விட்டுவிடுங்கள். மற்றொன்று முன்கையின் மேல்பக்கத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி இருக்கும். தசை சுருங்குவது அதுதான். தேட வேண்டியதும் அதுதான். பிடிபடவில்லை என்றால் இடது கையால் அங்கே தொட்டுப் பாருங்கள், சதை திரண்டிருக்கும்.

ஒரு நிமிடம் போல வைத்திருந்துவிட்டு, கையை விழ விடுங்கள். 'இறக்கி வைக்காதீர்கள்'. மெதுவாக இறக்குவதும் ஒரு வேலை, தசை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். அடுத்த முறை பாதி மடக்கு, அதற்கடுத்து கால்வாசி, கடைசியில் பார்ப்பவருக்கே தெரியாத அளவு. அந்தக் கடைசி அளவிலும் உணர்வு பிடிபட்டால் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள். ஜேக்கப்சன் இந்த ஒரு தசைக்கே ஒரு முழு அமர்வைச் செலவிட வைத்தார். இன்று யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. ஆனாலும் முதல் மூன்று நாளை இதற்கே கொடுப்பது வீண்போகாது.

பிறகு சுருக்கமான முறைக்குப் போகலாம். அமெரிக்க உளவியலாளர்கள் பெர்ன்ஸ்டைன், போர்க்கவெக் இருவரும் 1973இல் வகுத்தது, 16 தசைத்தொகுதிகள். பழக்கமான கையின் (நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கை) முஷ்டி, அதன் மேற்கை, பிறகு மறுகையில் அதே இரண்டு; நெற்றி, கண்-மூக்கு, தாடை, கழுத்து; மார்பு-தோள்-முதுகு, வயிறு; பழக்கமான காலின் தொடை, கெண்டைக்கால், பாதம், பிறகு மறுகால். 5 முதல் 7 விநாடி இறுக்கம், சட்டென விடுதல், 30 விநாடியாவது கவனித்தல். ஒவ்வொன்றும் இரண்டு முறை.

பலர் முழு பலத்தையும் போடுவார்கள். உடம்பே நடுங்கி, பக்கத்துத் தசைகளும் சேர்ந்து இறுகி, எது எதுவென்றே தெரியாமல் போகும். முக்கால் பலம் போதும். மூச்சை அடக்காதீர்கள், முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். கெண்டைக்காலுக்கு விரல்களைக் கீழே நீட்டாமல் முகத்தை நோக்கி இழுங்கள், பாதத்தை 5 விநாடிக்கு மேல் இறுக்க வேண்டாம். மீறினால் சதை பிடித்துக்கொள்ளும். கழுத்து எலும்பில் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள். பாதியில் தூங்கிவிடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம்; தூக்கம் வர வேண்டும் என்பதற்காகவே செய்தால் அது வேறு கதை.

சிலருக்குத் தளரத் தளரப் படபடப்பு கூடும், மிதப்பது போலிருக்கும். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். மறுநாள் கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வன்முறை நினைவுகள் எழுந்தால் தனியாகத் தொடராமல் மனநல நிபுணர் துணையோடு செய்யுங்கள். மனச்சோர்வுக்கான மருந்தை இதை நம்பி நிறுத்தக் கூடாது.

பாயில் கற்றது பாயோடு நின்றால் பெரிய பயனில்லை. செய்யும் வேலைக்கு வேண்டிய தசை மட்டும் உழைக்கட்டும், மற்றவை ஓய்ந்திருக்கட்டும் என்பதுதான் ஜேக்கப்சன் சொன்ன அடுத்த படி. போன் திரையைத் தள்ளக் கட்டைவிரல் போதும். புருவம் எதற்குச் சுருங்குகிறது? சிவப்பு சிக்னலில் நிற்கும்போது ஹேண்டில்பாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் தோளைப் பாருங்கள். இறுக்கம் இருந்த நேரத்தையும் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில், எந்த ஆளின் பெயர் வந்தால் தாடை இறுகுகிறது என்பது தாளிலேயே தெரிய ஆரம்பிக்கும்.

அந்த ஆளிடமிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன் நாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலண்ணத்தை அழுத்திக்கொண்டிருந்தால், அதை விட்டுவிட்டு எடுங்கள்.