தோற்பாவைக்கூத்துக் கலைஞரைத் தொடக்கப் பள்ளிக்கு அழைப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்திலும் மதுரைப் பகுதியிலும், தோலில் செய்த பாவைகளை விளக்கொளியில் திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் தோற்பாவைக்கூத்தை நிகழ்த்தி வந்த குடும்பங்களுள் சில இன்றும் அக்கலையைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. அவர்களுள் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்க விரும்பும் தலைமை ஆசிரியர், வருபவர் ஒரு மணி நேரம் கூத்து நிகழ்த்திவிட்டுப் புறப்படுவதா, ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதையே நான் வற்புறுத்துவேன். திரைக்குப் பின்னால் ஒரே மனிதர் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, ஆண், பெண், அரக்கன், குரங்கு என அத்தனை பேருக்கும் குரல் கொடுக்கிறார் என்பதைத் திரைக்கு முன்னால் மட்டுமே உட்காரும் பிள்ளை அறியவே முடியாது.

கோயில் கொடை விழாக்கள் நடக்கும் மாதங்களைத் தவிர்த்து, ஒரு மாதம் முன்னதாகவே கலைஞரிடம் பேசி நிகழ்ச்சித் தேதியை உறுதி செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

ஊதியத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் மரியாதைக்குரியவை. ஆனால் அவை ஊதியம் ஆகமாட்டா. ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிக்க மனைவியோ மகனோ உடன் வருவது வழக்கமாதலால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு, அனைவருக்குமான பயணச் செலவையும், பாவைப் பெட்டியைப் பேருந்து நிலையத்திலிருந்து கொண்டுவர ஆட்டோ வாடகையையும் சேர்த்துத் தொகையைப் பேசி, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்களை ஆசிரியர்களோடு சமமாக உட்கார வைத்து உணவு பரிமாறுங்கள். ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த இக்குடும்பங்கள் பல இடங்களில் திண்ணைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருக்கின்றன. பள்ளி அவர்களை எங்கே உட்கார வைக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் வெளிச்சம்தான். இரவில் ஆடப்படும் கூத்தைப் பகலில் வகுப்பறையில் ஆடும்போது, சன்னல் வழியே வரும் வெயில் பாவையின் நிறத்தை அப்படியே விழுங்கிவிடும். எங்கள் பள்ளியில் முதல் முறை சேலைகளைக் கட்டி மறைத்தோம். வெள்ளைத் திரையில் மங்கலான நிழல் மட்டுமே தெரிந்தது, பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். அடுத்த முறை கறுப்புக் கம்பளிகளையும் தார்ப்பாய்களையும் முந்தைய நாள் மாலையே ஆணியடித்துக் கட்டி, கதவைச் சாத்தி, ஓட்டு இடுக்குகளையும் அட்டையால் அடைத்துப் பார்த்தோம். காற்றுக்காக ஒரு பக்கத்தை மட்டும் நிகழ்ச்சி தொடங்கும் வரை திறந்து வைத்தோம். மின்தடை வந்தால் பயன்படுத்த, மின்னேற்றம் செய்த விளக்கு ஒன்று திரைக்குப் பின்னால் கட்டாயம் இருக்க வேண்டும்.

இராமாயணக் கதையைப் பத்து இரவுகள் தொடர்ந்து ஆடும் மரபு உண்டு. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடங்களே போதும் என்பதால், ஒரே ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்படி கலைஞரைக் கேளுங்கள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாவைகள் அவசியம் வரட்டும். பெரியவர்களுக்கான பேச்சுகளைத் தவிர்க்குமாறு முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடலாம். கூத்தின் நடுவே விழிப்புணர்வு முழக்கங்களைத் திணிக்கச் சொல்லாதீர்கள், கதை அறுந்துபோகும்.

இடைவேளைக்குப் பிறகு பத்துப் பதினைந்து பிள்ளைகளாகத் திரைக்குப் பின்னால் அனுப்புங்கள். ஆட்டுத்தோலை மயிர் நீக்கி உலர்த்தி, உருவம் வரைந்து, உளியால் நுண்துளைகள் இட்டு, சாயம் தீட்டுகிறார்கள் என்பதையும், அத்துளைகளின் வழியே ஒளி வருவதால்தான் நகைகள் மின்னுகின்றன என்பதையும் கலைஞரே காட்டட்டும். உளியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். அவர்கள் செய்யும் பாவைக்குப் பழைய அட்டைப்பெட்டி, ஈர்க்குச்சி, நூல், வண்ணக் கண்ணாடித் தாள் ஆகியவை போதும். அட்டையில் உருவம் வரைந்து வெட்டி, கையைத் தனியாகச் செய்து தோளில் நூல் முடிச்சால் இணைத்து, நடுவில் ஒரு குச்சியும் கையில் ஒரு குச்சியும் கட்டினால் பாவை அசையும். வெள்ளைத் தாளில் வரைந்து வண்ணம் தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவினால் ஒளி ஊடுருவி நிறமும் திரையில் தெரியும். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெட்டும் வேலையை ஆசிரியரே முன்னதாகச் செய்து வைக்கலாம்.

எந்த நேரத்திலும் ஓர் ஆசிரியராவது அறையில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரிடமும், கூத்தைக் காணொளியாகப் பதிவு செய்யக் கலைஞரிடமும் ஒப்புதல் பெற வேண்டும். கலைஞர் குடும்பத்தினர் வீட்டில் பேசும் மொழி மராத்தி என்பதையும், தமிழில் கதை சொல்லும் திறம் தலைமுறைகளாகக் கைமாறி வந்தது என்பதையும் கேட்கப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். எங்கள் பள்ளியில் அன்று மிக நீண்ட உரையாடல் அதுவாகவே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு மாலையில், இருட்டிய பின் பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகள் தாங்கள் செய்த பாவைகளைக் கொண்டு சிறு கதையொன்றை ஆடிக் காட்டட்டும். அதன் படங்களைக் கலைஞருக்கும் அனுப்பி வையுங்கள்.