விண்டோஸ் 98 ஃபிளாப்பி பூட் ஆகவில்லையா? திரையில் வந்த வரியைப் படியுங்கள்

பரணில் கிடந்த கணினியைத் தூசு தட்டி எடுத்து விண்டோஸ் 98 போட உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஃபிளாப்பி பூட் ஆகவில்லை, அதாவது அதிலிருந்து கணினி தொடங்கவில்லை என்றதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகுவது. அதுவும் பூட் ஆகாது. திரையில் வந்த வரியைச் சொல்வது யார் என்று கவனித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

'ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில் (40)' என்றால் பேசுவது பயாஸ், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் உள் மென்பொருள். பயாஸால் டிரைவையே தொட முடியவில்லை; ஃபிளாப்பியின் மேல் தப்பில்லை. 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று வந்தால், பெரும்பாலும் டிரைவ் நன்றாகவே படிக்கிறது, ஃபிளாப்பியில் கணினியைத் தொடங்கிவைக்கும் டாஸ் இயங்குதளம்தான் இல்லை. 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் பலர் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுகிறார்கள். என்டிஎல்டிஆர் என்பது விண்டோஸ் எக்ஸ்பியைத் தொடங்கிவைக்கும் ஃபைல்; எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்த ஃபிளாப்பி உள்ளே இருந்தாலும் இதே வரி வரும். அதில் டாஸ் ஃபைல்களை என்னதான் காப்பி செய்து வைத்தாலும் அதன் பூட் செக்டர் (கணினி முதலில் படிக்கும் சிறு பகுதி) என்டிஎல்டிஆரைத்தான் தேடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, இமேஜ் ஃபைலை (ஒரு ஃபிளாப்பியின் முழு நகலான ஒற்றை ஃபைல்) அப்படியே ஃபிளாப்பிக்குள் இழுத்துப் போடுவது. 1.44 எம்பி ஃபிளாப்பியின் முழு இமேஜ் 14,74,560 பைட். அதே ஃபிளாப்பியை ஃபார்மேட் செய்தபின் ஃபைல் வைக்கக் கிடைப்பது 14,57,664 பைட்தான். மீதி 33 செக்டரைப் பூட் செக்டரும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணைகளும் ரூட் டைரக்டரியும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இடமில்லை என்று வரும். அப்போதும் ஃபிளாப்பிக்குத்தான் திட்டு விழுகிறது! ராரைட் போன்ற மென்பொருளால் செக்டர் செக்டராக எழுதினால்தான் பூட் செக்டரும் அதனிடத்தில் போய் உட்காரும். எழுதும்போது மூலையில் உள்ள துளை மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ரைட் புரொடெக்ட், எழுத விடாது.

கேபிளில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கணினியைப் போட்டதும் டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. நல்ல ஃபிளாப்பிகள் நாலைந்தை மாற்றி மாற்றிச் செருகிய பிறகுதான் உறைத்தது: கேபிள் தலைகீழாக மாட்டியிருந்தது. சிவப்புக் கோடு டிரைவின் முதலாம் பின் (ஊசி) இருக்கும் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டிய நிலையில் செருகிய ஃபிளாப்பிகளை நம்பாதீர்கள், அவற்றில் இருந்தது அழிந்திருக்கலாம். இன்னொன்று, கேபிளின் நடுவில் சில கம்பிகள் மட்டும் முறுக்கியிருக்கும். முறுக்கைத் தாண்டிய முனையில் மாட்டுவதுதான் ஏ டிரைவ்.

பயாஸில் டிரைவ் வகை 1.44 எம்பி, 3.5 இஞ்ச் என்று இருக்கிறதா, பூட் வரிசையில் ஃபிளாப்பி முதலில் வருகிறதா என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஃபிளாப்பி ஒழுங்காகப் பூட் ஆன பிறகும் கோட்டை விடுகிறார்கள். மெனுவில் சிடி-ராம் சப்போர்ட் என்ற முதல் வரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சிடி தெரியாது. சாட்டா இணைப்புள்ள சிடி டிரைவாக இருந்து, பயாஸில் அந்த இணைப்பின் முறையை ஏஹெச்சிஐ என்று வைத்திருந்தாலும் தெரியாது. பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் 80 ஜிபி டிஸ்க்கைச் சின்னதாகக் காட்டினால் டிஸ்க் கெட்டுவிடவில்லை. அந்த மென்பொருளின் பழைய பதிப்புக்கு 64 ஜிபிக்கு மேல் கணக்குத் தப்பும்; மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க் வேண்டும்.

எல்லாம் முடிந்து, டி டிரைவுக்குப் போய் செட்டப் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். பூட் ஃபிளாப்பி ரேமில் ஒரு தற்காலிக டிரைவ் உண்டாக்கி, ஹார்ட் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரே பார்ட்டிஷன் (பகுதி) இருந்தால் டி அதற்குப் போய்விடும், சிடி ஒரு படி தள்ளி இ ஆகிவிடும். அங்கே போய் செட்டப் அடித்துப் பாருங்கள்.