வீட்டு நீச்சல் குளத்தில் கடினநீர்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சோதிக்காமல் மருந்து போடாதே, ஃபில்டரைக் கழுவு என்பதெல்லாம் தெரிந்த கதை. சென்னையைச் சுற்றிப் போர் தண்ணீர் நிரப்பிய குளங்களில் புதியவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். டைல் குளத்துக்குக் கால்சியம் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தின் அளவு) 200 முதல் 400 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), ஸ்பா எனும் வெந்நீர்த் தொட்டிக்கு 150 முதல் 250 இருந்தால் போதும்.

ஆசிட் ஊற்றிக் கடினத்தன்மையைக் குறைப்பது

குறையாது. எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது, எரிச்சல்தான் வருகிறது. டைல் விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்ததும் ஒரு கேன் ஆசிட் உள்ளே போகிறது. படிவம் கரைகிறது, தண்ணீர் பளிச்சென்று ஆகிறது. அந்தக் கால்சியம் எங்கே போயிற்று? தண்ணீருக்குள்தான். ஆசிட் இறக்குவது பிஎச்சையும் காரத்தன்மையையும் மட்டுமே. பிஎச் 7-க்குக் கீழே கிடந்தால் டைல் இடுக்கிலிருக்கும் சிமென்ட் க்ரௌட்டும் கரையும். அதிலும் கால்சியம் என்பதால் அடுத்த சோதனையில் எண் ஏறியிருக்கும். உடனே இன்னொரு கேன்! கடைசியில் க்ரௌட் குழிந்து டைல் கழலும், ஹீட்டரின் செம்புச் சுருளும் அரிக்கும்.

பிஎச்சை 7.2–7.6-இல் நிறுத்தப் பார்த்தால் படிவம் மட்டுப்படும். ஆசிட்டுக்கு அவ்வளவுதான் வேலை. கால்சியம் வெளியேற வேண்டுமென்றால் தண்ணீரை மாற்ற வேண்டும். 50,000 லிட்டர் குளத்தில் 600 பிபிஎம், லாரித் தண்ணீரில் 100 என்று வையுங்கள் (லாரியையும் சோதித்துவிட்டே இறக்குங்கள்). 20,000 லிட்டர் மாற்றினால் 400-க்கு வரும். பிறகு 17,000 லிட்டர் மாற்றினால் ஏறக்குறைய 300.

ஒரேயடியாக வடிப்பது

மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீரின் அழுத்தத்தில் காலிக் குளத்தின் தரை விரிசல் விடும். ஃபைபர் தொட்டியானால் மேலே கிளம்பிவிடும்.

டிடிஎஸ் மீட்டரை நம்புவது

அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

கடினநீரில் ப்ளீச்சிங் பவுடர்

அதுவே சுண்ணாம்பில் செய்தது. திரவ குளோரினுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) மாறுங்கள்.

கால்சியம் குளோரைடை அப்படியே கொட்டுவது

மழைநீரோ ஆர்ஓ நீரோ நிரப்பி 200-க்குக் கீழே இறங்கினால்தான் இது தேவை. 10,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற, 77 சதவீதக் கால்சியம் குளோரைடு செதில் சுமார் 150 கிராம். முதலில் வாளியில் தண்ணீர், பிறகு செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக. தலைகீழாகச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பம்பு ஓடும்போது கரைசலைச் சுற்றிலும் ஊற்றுங்கள். அன்றைக்கே பிஎச்சை ஏற்ற சோடா ஆஷ் போட்டால் குளம் வெளுத்துக் கலங்கி, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் பொறுங்கள்.